ராகிக் கொல்லையில் புரிந்த பாடம்

பி.ஜி. டி.ஆர்.பி. (முதுநிலை ஆசிரியர் தேர்வு) தாவரவியலுக்குப் படிக்கும்போது கலப்பினப் புற்கள் பகுதியைக் கடைசிவரை தள்ளிப்போட்டேன். ஒரு மாதிரித் தேர்வில் ஸ்பார்ட்டினா டவுன்செண்டி என்ற கலப்பினப் புல்லின் குரோமோசோம் எண்ணிக்கையைக் கேட்டார்கள். பெற்றோர்ப் புற்கள் இரண்டின் 60-ஐயும் 62-ஐயும் அப்படியே கூட்டி 122 என்று எழுதிவிட்டேன்.

அந்த வாரம் காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மானாவாரிக் கொல்லையில் ராகிக்குக் களை எடுத்தோம். ஒரு பயிரைப் பிடுங்கி அம்மா காட்டினார்: "இது ராகி இல்ல கண்ணு, அடியைப் பாரு." அடித்தண்டு தட்டையாக, வெளுப்பாக, தரையோடு படர்ந்திருந்தது. கதிர் வந்தால் இதுவும் ராகியைப் போலவே விரல் விரிக்கும். புத்தகத்தில் எல்யூசின் இண்டிகா என்று மனப்பாடம் செய்தது இதைத்தான். இதற்கு 18 குரோமோசோம், ராகிக்கு 36. ராகியின் ஒரு பாதி இந்தப் புல்லின் வழியில் வந்தது. மறுபாதியைக் கொடுத்த புல் எதுவென்று இன்னும் பிடிபடவில்லை. அந்தக் கலப்பு நடந்தது ஆப்பிரிக்காவில்.

வீட்டுக்கு வந்து ஸ்பார்ட்டினா கணக்கை மறுபடி போட்டேன். ஆளுக்குப் பாதிதான் வரும்: 30, 31. கூட்டினால் 61; கலப்பினத்தில் 62 வரையும் எண்ணியிருக்கிறார்கள். ஜோடி சேரத் துணை இல்லை, அதனால் மலடு. அந்தத் தொகுதி இரட்டித்ததும் ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்தது. 120-ஐ ஒட்டிய எண்ணிக்கையோடு, விதை பிடிக்கும் ஸ்பார்ட்டினா ஆங்லிகா வந்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கடலோரத்தில், 19ஆம் நூற்றாண்டில் நடந்த கதை இது. எண்களை இந்த வரிசையில் எழுதிப் பாருங்கள், மறக்காது.

மரபுப் பன்முகம்தான் பலர் கோட்டைவிடும் இடம். கலப்பினம் என்றாலே வேறுபாடு அதிகம் என்று எழுதிவிடுகிறோம். ஆங்லிகாவில் அப்படி இல்லை. மிகச் சில கலப்புகளிலிருந்து கிளம்பிய கூட்டம் என்பதால் செடிக்குச் செடி வேறுபாடு மிகக் குறைவு. சரி, எதிர் உதாரணம் வேண்டுமா? தென்பெண்ணைக் கரை நாணலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே இனத்துக்குள் 40 முதல் 128 வரை குரோமோசோம் எண்ணிக்கை மாறுகிறது. நாணலைக் கரும்போடு சேர்த்துத்தான் கோயம்புத்தூரில் கோ 205 என்ற கரும்பு ரகம் உருவானது, 1918-இல் வெளியிட்டார்கள். அங்கே கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரையும் சேர்த்துப் படியுங்கள்.

அப்புறம், டவுன்செண்டி மலடு, ஆங்லிகா விதை தரும். விடைத்தாளில் இந்த இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.