நீல டயல் ஒமேகா

அந்த ஒமேகா சீமாஸ்டர் வாட்சை நான் ஏலத்தில் எடுத்தது ராத்திரி பதினொன்றரைக்கு. கடைசி நிமிடத்தில் எவனோ ஒருத்தன் போட்டிக்கு வர, ஐநூறு ஐநூறாக ஏற்றி 18,500-க்கு முடித்தேன். 'அறுபதுகளின் ஆட்டோமேட்டிக், ஒரிஜினல், மிண்ட் கண்டிஷன்' என்று போட்டிருந்தது. படத்தில் டயல் அப்படியொரு நீலம்.

பார்சல் வந்த அன்றே தெருமுனை வாட்ச் கடைக்கு ஓடினேன். பாய் கண்ணில் லென்ஸைச் செருகிப் பின்மூடியைக் கழற்றினார். உடனே சிரித்துவிட்டார்.

"மூடிக்குள்ள என்ன நம்பர் போட்டிருக்கு, படிங்க தம்பி."

166 என்று ஆரம்பித்தது. அறுபதுகளில் ஒமேகா கொண்டுவந்த எண் முறையில் 166 என்றால் ஆட்டோமேட்டிக், தேதியும் உண்டு. என் டயலிலோ தேதிக்கு ஜன்னலே கிடையாது. கை அசைவில் சுழன்று தானாகச் சாவி ஏற்றும் ரோட்டரும் உள்ளே இல்லை, கையால் சாவி கொடுக்கிற மூவ்மென்ட், அதாவது உள் இயந்திரம். அந்தக் காலத்து ஒமேகா மூவ்மென்ட் செம்பு நிறத்தில் மின்னும். இதில் பாதி செம்பு, பாதி வெள்ளை. மூன்று வாட்ச் செத்து இது ஒன்று பிறந்திருக்கிறது. டயலில் மட்டும் 'ஆட்டோமேட்டிக்' என்று அழகாக எழுதியிருந்தார்கள்.

வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் இந்த ரகத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. கேட்கக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. ஈரம் ஏறிக் கறுத்த டயலுக்குப் பெயிண்ட் அடித்துக் கட்டிக்கொள்வதில் என்ன தப்பு? வாட்ச் ஓட வேண்டும், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே. அதை 'ஒரிஜினல்' என்று விற்பதுதான் அயோக்கியத்தனம்.

இப்போதெல்லாம் டயலின் பளபளப்பை நான் பார்ப்பதே இல்லை. படத்தைப் பெரிதாக்கி நேராக 6-க்குக் கீழே போகிறேன். 'ஸ்விஸ் மேட்' எழுத்து மயிரிழை போல மெலிசாக இருக்க வேண்டும். மை பரவித் தடித்திருந்தால் மறுபூச்சு. நிமிடக் கோடுகள் மணியைக் காட்டும் கட்டைகளோடு நேருக்கு நேர் நிற்கிறதா என்று அடுத்துப் பார்ப்பேன். என் நீல டயலில் 4-க்கான கோடு கட்டையைவிட்டு அரைக்கோடு தள்ளி நின்றது. 18,500 கொடுத்தவன் கண்ணுக்கு அது தெரியவில்லை!

'ஸ்விஸ் மேட்' எழுத்துக்கு இருபுறமும் 'டி' இருந்தால் ட்ரிட்டியம், டயலை இருட்டில் ஒளிரவைக்கும் கதிரியக்கப் பூச்சு. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12 வருஷம் சொச்சம்தான். அறுபதுகளில் பூசியது இன்றைக்குச் செத்துக் கிடக்கும். 'இருட்டில் விடிய விடிய ஒளிரும்' என்று விற்பவர் பெருமைப்பட்டால் அந்தப் பூச்சு நேற்றையது.

போன வாரம் சாம்பல் டயலில் ஒன்று வந்தது. கோடெல்லாம் சரியாகவே இருந்தது. மூடியைத் திறந்து ஒரு படம் அனுப்புங்கள் என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில்: "திறந்தா வாட்டர்ப்ரூஃப் போயிடும் சார்."

அறுபது வயசு வாட்சுக்கு! ஏலம் 31,000-க்கு முடிந்தது. எடுத்தது நானில்லை.