மரக் கயாக்கின் அடியில் ஒரு ஃபைபர் யன்னல்

ஃபிஷ் ஃபைண்டர் என்பது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியால் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி. அதன் சென்சரைக் கயாக்கின் உள்பக்கத்திலேயே ஒட்டிவிடலாம் என்று வீடியோக்களில் காட்டுவதெல்லாம் ஃபைபர், பிளாஸ்டிக் வள்ளங்களுக்கு. என்னுடையது ஒட்டுப்பலகை. மரத்துக்குள் நுண்ணிய காற்றறைகள் நிறைய. ஒலி அங்கேயே சிதறிப்போகும். யாழ்ப்பாணத்துப் பண்ணையடியில் சோதித்துப் பார்த்தேன். சென்சரைக் கையால் தண்ணீரில் அமிழ்த்தினால் கடலடி திரையில் தெளிவாக விழுகிறது. அதையே தண்ணீர் நிரப்பிய பொலித்தீன் பையில் போட்டு அடிப்பலகையில் வைத்தால் திரை வெறுமை.

வெளியே கம்பியில் தொங்கவிடுவது சுலபம்தான். ஆனால் ஆழமில்லாத பரவைக்கடலில் சாதாழை என்கிற கடற்புல்லும், களங்கண்டி வலைகளுக்கு நட்ட தடிகளும் இருக்கும்வரை, நீட்டிக்கொண்டிருக்கிற எதுவும் அதிக நாள் தங்காது. அதனால் இருக்கைக்கு முன்னால், நடுக்கோட்டை ஒட்டி, பலகையை வட்டமாக வெட்டியெடுத்தேன். விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, ஓட்டையைக் கண்ணாடியிழைத் துணியும் எபொக்சியும் போட்டு அடைத்தேன். மரமே இல்லாத யன்னல். நல்ல பலகையில் வாள் வைக்க மனம் வரவில்லை என்பது வேறு கதை.

நேரத்தைத் தின்றது குமிழி. எபொக்சி றெசினுக்குள் அது நின்றால் மரத்தை வெட்டியதே வீண், திரும்பவும் காற்றுத்தான். அடித்துக் கலக்காமல் மெதுவாகச் சுற்றவேண்டும். துணியை உருளையால் அழுத்தி அழுத்திக் காற்றை விளிம்புக்குத் தள்ளவேண்டும். எங்கள் மத்தியான வெக்கையில் றெசின் கோப்பையிலேயே கொதித்துப் புகைக்கும். பொழுதுபட்ட பிறகு, மெல்லிய படைகளாகப் போடுவதே நல்லது.

யன்னலின்மேல் சிறு பிளாஸ்டிக் பெட்டி ஒட்டி, இடையில் காற்று நிற்காமல் எண்ணெய் ஊற்றிச் சென்சரை அதற்குள் மட்டமாக இருத்தினேன். தேங்காயெண்ணெய் வேண்டாம், மார்கழி விடியலில் உறைந்துவிடும். பேபி ஒயில் போதும். ஒரு நட்டம்: சென்சரிலுள்ள வெப்பமானி இனிக் கடலின் சூட்டைச் சொல்லாது, பெட்டியின் சூட்டைத்தான் சொல்லும்.

மண்டைதீவுப் பக்கம் ஓட்டிப் பார்த்தபோது அடி விழுந்தது. கூடவே அதன் இரண்டு மடங்கு ஆழத்தில் இன்னொரு அடியும்! ஒலி தரைக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையில் இரண்டாவது தடவை போய்வருவதால் வரும் பொய்த் தரை அது. சென்சிட்டிவிட்டியைக் குறைத்ததும் மறைந்தது. தரைக்குமேல் மயிர்போலச் சாதாழை மட்டும் தெரிந்தது. 200 கிலோஹெர்ட்ஸில் ஒலி விரியும் கூம்பு 20 பாகை என்றால், ஒன்றரை மீற்றர் ஆழத்தில் அது பார்ப்பது அரை மீற்றர் வட்டம். அதற்குள் ஓரா மீன் வந்து நிற்குமா? மீனைக் காட்டும் என்று இங்கே இதை வாங்கவேண்டாம். மடுவும் வாய்க்காலும் எங்கே என்று காட்டும், எனக்கு அது காணும்.

குருநகர்க் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் திரையை எட்டிப் பார்த்தார். "தம்பி, உந்த மடு எனக்கு உந்தப் பெட்டி இல்லாமலே தெரியும். மீன் எங்கை நிக்குதெண்டு கேட்டுச் சொல்லு."

அடுத்த வேலை மின்சாரம்: 12 வோல்ற் பற்றரியை உப்புத்தண்ணீர் படாத பெட்டிக்குள் இறக்கி, பற்றரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் போடவேண்டும்.