எந்தப் பொதுச்சொல், யாருக்கு?

அறிக்கையோ செய்தியோ எழுத உட்கார்ந்தால், பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினர் எல்லோரையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் தேவைப்படும். சட்டென்று கைக்கு வருவது எல்ஜிபிடிகியூஐஏ+ (LGBTQIA+) என்ற ஆங்கிலச் சுருக்கம். அதை எழுதுமுன், நாம் சொல்லவரும் செய்தி அதிலுள்ள யார் யாரைத் தொடுகிறது என்று பாருங்கள்.

அந்தச் சுருக்கத்துக்குள் மூன்று வேறுவேறு சங்கதிகள் இருக்கின்றன. லெஸ்பியன் (பெண்கள்மீது ஈர்ப்புள்ள பெண்), கே (ஆண்கள்மீது ஈர்ப்புள்ள ஆண்), பைசெக்சுவல் (ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர்மீது ஈர்ப்புள்ளவர்), ஏசெக்சுவல் (பாலீர்ப்பு இல்லாதவர் அல்லது குறைவாக உள்ளவர்) ஆகியவை யார்மீது ஈர்ப்பு, ஈர்ப்பு உண்டா இல்லையா என்பதைப் பற்றியவை. திருநர் என்பது ஒருவர் தன்னை எந்தப் பாலினமாக உணர்கிறார் என்பதைப் பற்றியது; பிறந்தபோது பதிவான பாலிலிருந்து அது வேறுபடுபவர் திருநர். ஊடுபால் (இன்டர்செக்ஸ்) என்பது உடலமைப்பு: குரோமோசோம், ஹார்மோன், பிறப்புறுப்பு ஆகியவை வழக்கமான ஆண், பெண் வரையறைக்குள் அடங்காமல் இருப்பது. ஒரே ஆள் மூன்றிலும் இருக்கலாம். திருநங்கை ஒருவர் லெஸ்பியனாகவும் இருக்கலாம்.

படிவங்கள் கெடுவது இங்கேதான். ‘ஆண், பெண், திருநர், கே’ என்று ஒரே வரிசையில் போட்டு ஒன்றைத் தேர்வு செய்யச் சொன்னால், ‘பெண்’ என்று குறிக்கும் திருநங்கை திருநர் கணக்கிலிருந்தே மறைந்துபோவார். பிறந்தபோது பதிவான பால் ஒரு கேள்வி, இப்போதைய பாலினம் இன்னொரு கேள்வி. பாலீர்ப்பும் ஊடுபாலும் தனித்தனியே வரவேண்டும். ‘மற்றவை’ என்ற கட்டத்துக்குப் பதிலாக, அவரவர் சொல்லிலேயே எழுத இடம் விடுங்கள். ‘சொல்ல விரும்பவில்லை’ என்பதும் இருக்கட்டும். அந்தத் தகவலை வைத்து எதுவும் செய்யப்போவதில்லை என்றால் கேட்கவே வேண்டாம். தேவையில்லாமல் சேர்த்த விவரம் வெளியே கசிந்தால் ஒருவரின் வீடும் வேலையும் போகலாம்.

சுருக்கத்தில் ‘கியூ’வாக வரும் குயர் என்பது, ஆங்கிலத்தில் இந்தச் சிறுபான்மையினர்மீது வீசப்பட்ட வசைச்சொல்லாக இருந்தது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து அந்த மக்களே அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஆனாலும் மூத்தவர்கள் சிலருக்கு அது இன்னும் வலிக்கிறது. தன்னை அப்படி அழைத்துக்கொள்ளாதவர்மீது அதை ஒட்டாதீர்கள். தமிழில் அதற்கு இணையாக வழங்கும் பால்புதுமையினர் என்ற சொல்லுக்கு அந்த வசை வரலாறு கிடையாது. பொதுவாசகருக்கு எழுதும்போது எனக்கு அதுவே பிடித்தமானது.

எம்எஸ்எம் என்பது எச்ஐவி ஆய்வாளர்கள் உருவாக்கிய சொல்: ஆண்களோடு உடலுறவு கொள்ளும் ஆண்கள். அது நடத்தையைக் குறிக்கிறது, அடையாளத்தை அல்ல. நோய்த்தடுப்புக் கணக்குக்கு அது பொருந்தும். ஒரு மனிதரை அறிமுகப்படுத்தப் பொருந்தாது. பல ஆய்வுகள் திருநங்கையரையும் இதற்குள் அடைத்து எண்ணியதால், அவர்களின் நிலை என்னவென்றே அந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க முடியாமல் போனது.

‘திருநங்கைகள்’ என்று எழுதிவிட்டுத் திருநர் எல்லோரையும் நினைத்துக்கொள்வது தமிழில் அடிக்கடி நடக்கும் பிழை. திருநம்பியரும் (பிறப்பில் பெண் என்று பதிவான திருநர் ஆண்கள்), ஆண் பெண் இரண்டிலும் அடங்காதவர்களும் அதில் காணாமல் போகிறார்கள். எல்லோருக்கும் திருநர் என்றே எழுதலாம். திருநங்கையர் மட்டும் என்றால் ‘திருநங்கையர்’. ‘கள்’ளைவிட ‘அர்’ விகுதி மரியாதையாக ஒலிக்கிறது.

சுருக்கத்தில் ‘ஐ’ எழுத்தைச் சேர்த்துவிட்டு, ஊடுபால் குழந்தைகளுக்கு அவர்கள் சம்மதம் சொல்லும் வயதுக்கு முன்பே செய்யப்படும் அறுவைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், அந்த எழுத்தை எடுத்துவிடுவதே நேர்மை.

பழைய ஆவணங்களை எடுத்தாளும்போதும் கவனம் வேண்டும். கே, லெஸ்பியன் மக்களிடம் மட்டும் கேட்டு எழுதிய அறிக்கையை இன்றைய நீண்ட சுருக்கத்துக்கு மாற்றி எழுதினால், கேட்கப்படாதவர்களும் பதில் சொன்னதாக ஆகிவிடும். அறிக்கையில் உள்ள சொல்லையே ஆண்டோடு குறிப்பிடுங்கள்.