எல்லாருக்கும் ஒரே டார்டன்: ஓட்டுக்கு முன்னால் இழைக் கணக்கு

கில்ட் (ஸ்காட்லாந்துக்காரர்களின் கொசுவம் வைத்த ஆண்கள் பாவாடை) உடுத்துகிற நாற்பது ஐம்பது பேர் கூடி, தங்களுக்கென்று ஒரு டார்டன், அதாவது அந்தக் கில்ட்டுக்கான பல நிறக் கட்டம் போட்ட துணி வடிவம், வேண்டும் என்று கிளம்பினால், முதல் வாரத்திலேயே இருபது படங்கள் வந்து குவியும். எல்லாமே கணினியில் வரைந்தவை, பார்க்கப் பளிச்சென்று இருக்கும். அந்தச் சூட்டிலேயே ஓட்டுக்கு விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. திரையில் ஜெயித்தது தறியில் தோற்கும். தறியில் தேறியது கொசுவம் வைத்ததும் காலை வாரும். நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை வேறு: இழைக் கணக்கு, கட்டத்தின் அளவு, நூலின் நிறம், அதற்கப்புறம்தான் ஓட்டு.

புதிது வேண்டுமா என்ற கேள்வியை முதல் நாளே முடித்துவிடுங்கள். பிளாக் வாட்ச், ஹன்ட்டிங் ஸ்டூவர்ட் போன்ற பொது டார்டன்களை, ஸ்காட்லாந்துக் குலங்களின் தனி டார்டன்களைப் போலன்றி, எந்தக் குலத்தாரும் உடுத்தலாம், கடையிலேயே துணி கிடைக்கும். ‘எங்களுடையது’ என்று சொல்லிக்கொள்ளும் ஆசை இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

டார்டனில் திரும்பத் திரும்ப வரும் நிற வரிசைக்கு ‘செட்’ என்று பெயர். பாவில் (நீளவாக்கு நூலில்) எந்த வரிசையோ, பெரும்பாலும் ஊடையிலும் (குறுக்கு நூலிலும்) அதே வரிசைதான். எனவே வடிவத்தைப் படமாக அல்ல, எண்ணாக வாங்குங்கள். உதாரணத்துக்கு ஒன்று: கரும்பச்சை 72, கறுப்பு 6, கரும்பச்சை 6, கறுப்பு 28, நீலம் 54, மஞ்சள் 4. இரண்டு ஓரங்களிலும் உள்ள பச்சை 72, மஞ்சள் 4 ஆகியவை திரும்பு முனைகள். மஞ்சளைத் தொட்டதும் வரிசை கண்ணாடியில் பார்த்ததுபோல் அப்படியே திரும்பிப் பச்சைக்குப் போகும். ஆகவே நடுவில் உள்ள 94 இழையும் இரண்டு தடவை வரும், முனைகள் ஒரே தடவை. மொத்தம் 72 + 188 + 4 = 264 இழை. அங்குலத்துக்கு 44 இழை ஓடும் துணியில் இது சரியாக 6 அங்குலச் செட்.

சண்டை வருவது இந்த முனைகளில்தான். சிலர் முனையின் முழு எண்ணையும் எழுதுவார்கள், சிலர் பாதியை எழுதி ‘இரட்டித்துக்கொள்’ என்று விட்டுவிடுவார்கள். மேலே உள்ள கணக்கை ஆலை பாதிக்கணக்கு என்று எடுத்துக்கொண்டால் பச்சை 144 ஆகும், மஞ்சள் 8 ஆகும். மொத்தம் 340 இழை, செட் ஏறக்குறைய 7¾ அங்குலம். மெல்லிய மஞ்சள் கோடு கயிறுபோல் தடித்துப் பச்சைக் களத்தை வெட்டிக்கொண்டு நிற்கும். ‘முனைகள் முழுக்கணக்கு’ என்று ஒரு வரி எழுதி, கூட்டுத்தொகையையும் பக்கத்தில் போட்டால் இந்த வில்லங்கம் வராது.

எண்கள் இரட்டைப்படையாக இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டுமே நாடாப்பெட்டி (வெவ்வேறு நிற ஊடை நூலை எடுத்துச் செல்லும் நாடாக்கள் தங்கும் பெட்டி) உள்ள பழைய தறியில், நாடா போய்த் திரும்பி வந்தால்தான் அடுத்த நிறத்துக்கு மாற்ற முடியும். ஓரிழைக் கோடு போட்டவர்களை அன்போடு திருப்பி அனுப்புங்கள். இரண்டு இழைக் கோடு வெள்ளையிலும் மஞ்சளிலும் தெரியும், கருஞ்சிவப்பில் போட்டால் பத்தடி தள்ளி நின்றவருக்கு இருப்பதே தெரியாது.

நிறங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நான்கு நிற நூல் போட்டால் துணியில் தெரிவது நான்கல்ல, பத்து: நான்கு தனி நிறம், ஆறு கலவை. ஆறு நிறம் போட்டால் இருபத்தொன்று! குழுவில் எல்லாருடைய ஆசைக்கும் ஒரு கோடு என்று சேர்த்துக்கொண்டே போனால் துணி சேறாகிவிடுவது இதனால்தான். ஊடை இழை, இரண்டு பாவு இழைக்கு மேலேயும் இரண்டுக்குக் கீழேயும் போய், அடுத்த வரியில் ஓரிழை நகரும். ஆகவே கலவை நிறம் சாய்ந்த வரிகளாகத் தெரியும், நம் கட்டம் போட்ட லுங்கியில் போலப் புள்ளிப் புள்ளியாக இருக்காது. தள்ளி நின்றால் அந்த வரிகளும் மறைந்து ஒரே நிறமாகும். சிவப்பும் பச்சையும் அகலமாகச் சந்திக்கும் இடம் பழுப்பாகத்தான் நிற்கும். அது வேண்டாமென்றால் இரண்டுக்கும் நடுவில் கறுப்போ நீலமோ வரட்டும், சந்திப்பு ஒழியாது என்றாலும் கண்ணுக்கு உறுத்தாது.

அடுத்து, ‘நீலம்’ என்று மட்டும் சொன்னால் ஆலைக்கு ஒன்றும் புரியாது. ஒரே டார்டனைப் பல சாய வரிசைகளில் நெய்வார்கள்: ‘மாடர்ன்’ வரிசை நீலம் அடர்ந்தது, கறுப்புப் பக்கத்தில் கரைந்துபோகும். ‘ஏன்ஷியன்ட்’ வரிசை வெளிறியது. ‘வெதர்டு’ வரிசையில் பச்சை பழுப்பாகவும் நீலம் சாம்பலாகவும் சாயும். ஒவ்வொரு ஆலைக்கும் தனி நூல் அட்டை உண்டு, அதில் எண்ணைக் குறித்து வாங்குங்கள். படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பார்ப்பதும் உதவும்: பச்சையும் நீலமும் ஒரே சாம்பலாகிவிட்டால் வெளிச்சம் குறைந்த மண்டபத்திலும் கட்டம் காணாமல் போகும்.

சட்டைத் துணிக்கு இதோடு முடிந்தது. கில்ட்டுக்கு ஒரு சோதனை பாக்கி இருக்கிறது, பலரும் விடுவதும் அதைத்தான். வடிவத்தை அசல் அளவில் ஏ4 தாளில் அச்சிடுங்கள், 6 அங்குலச் செட் அதன் அகலத்தில் அடங்கும். ஐந்தாறு தாள்களைச் செட் பிசகாமல் ஒட்டி, முக்கால் அங்குலம் வெளியே தெரியும்படி மடித்துப் பாருங்கள். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு முகம் காட்டுவது ராணுவப் படைகளில் வழக்கமான முறை. ஒரு மடிப்புக்கு ஒரு முழுச் செட் செலவாகும்: முக்கால் அங்குலம் வெளியே, மீதி 5¼ மடிந்து உள்ளே, அதாவது இரண்டரை அங்குலத்துக்குச் சற்று அதிக ஆழம். நல்ல ஆழம், நடக்கும்போது அழகாக வீசும். செட் 4 அங்குலமாக இருந்தால் ஆழம் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டுவதே கஷ்டம், மடிப்பு வாய் பிளந்து நிற்கும். இரண்டு செட்டைச் சேர்த்து ஒரு மடிப்பாக்கினால்தான் தப்பிக்கலாம். மற்றொரு முறையில், பின்பக்கமும் முழுக் கட்டம் தொடர்ந்து தெரியும்படி மடிப்பார்கள். சில வடிவங்கள் இந்த முறையில் கொள்ளை அழகு, ஒரே கோடு காட்டும் முறையில் வெறும் இருட்டு. எங்கள் கருத்தில் இரண்டிலும் தேறாத வடிவத்தை ஓட்டுக்கே கொண்டுவரக் கூடாது.

ஓட்டு. எல்லாப் படமும் ஒரே அளவில், வரைந்தவர் பெயரில்லாமல், கூடவே இழைக் கணக்கோடு. ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால் ஒன்றுபோல் இருக்கும் மூன்று பச்சை-நீலங்கள் ஓட்டைப் பிரித்துக்கொள்ள, பெரும்பாலோருக்குப் பிடிக்காத ஒரு சிவப்பு ஜெயித்துவிடும். முதல் சுற்றில் பிடித்தவற்றுக்கெல்லாம் டிக் போடச் சொல்லுங்கள், கடைசி மூன்றை மட்டும் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். முடிவு வந்த மறுநாள் ‘அந்த மஞ்சளைக் கொஞ்சம் தடிமனாக்கலாமே’ என்று ஒருவர் வருவார். ஆக்கக் கூடாது. ஜனங்கள் ஓட்டுப் போட்டது நான்கு இழை மஞ்சளுக்கு.

ஓட்டுக்கு முன்பே ஸ்காட்லாந்து டார்டன் பதிவேட்டில் தேடிவிடுங்கள். 2008 சட்டத்தின்படி 2009 பிப்ரவரியில் திறந்த பதிவேடு இது, எடின்பரோவில் ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்துகிறது. இருக்கும் டார்டனின் சாயத்தை வெளிறவைத்துவிட்டுப் புதிது என்றால் ஏற்கமாட்டார்கள். விண்ணப்பத்தில் வண்ணப் படம், இழைக் கணக்கு, பெயர், அந்தப் பெயருக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு எல்லாம் கேட்பார்கள். குலப் பெயரோ ‘ராயல்’ என்ற சொல்லோ வைக்க ஆசைப்பட்டால் அனுமதிக் கடிதம் தேடி அலைய வேண்டும், ஊர்ப்பெயரோ பூப்பெயரோ சுலபம். பதிவதால் மட்டும் காப்புரிமை வந்துவிடாது. வரைந்தவரிடம், குழுவும் உறுப்பினர்களும் நெய்துகொள்ளலாம் என்று எழுத்தில் வாங்கி வைப்பது தனி வேலை.

கடைசியில் துணி. ஆள் ஒன்றுக்கு ஒற்றை அகலத்தில் 8 கெஜம், இரட்டை அகலத்தில் 4 கெஜம். இரட்டை அகலத் துணியை நீளவாக்கில் பிளந்து இணைப்பார்கள், பருத்த உடம்புக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். கெஜத்துக்கு 16 அவுன்ஸ் கம்பளி மடிப்பை விடாமல் பிடிக்கும், 13 அவுன்ஸ் பெரும்பாலானவர்களுக்குப் போதும். கில்ட்டின் கீழ்விளிம்பை மடித்துத் தைப்பதில்லை, துணியின் கரையே (நெய்யும்போதே நூல் பிரியாமல் முடியும் ஓரமே) விளிம்பு. அதனால் ‘கில்ட்டுக்கு’ என்று ஆர்டரிலேயே சொல்லி, கரை எப்படி வரும் என்று மாதிரித் துண்டில் பார்த்துவிடுங்கள். குறைந்தபட்ச நீளம் ஆலைக்கு ஆலை மாறும். பணம் முழுவதும் கைக்கு வந்த பிறகே ஆர்டர் போடுங்கள், ‘நானும் சேர்ந்துக்கறேன்’ என்றவர்களில் பாதிப் பேர் விலை கேட்டதும் மறைந்துவிடுவார்கள். பிறகு சேருபவர்களுக்காக ஓரிரண்டு கில்ட்டுக்கான துணி கூடுதலாக நெய்து வையுங்கள், அடுத்த சாயத் தொட்டியில் அதே பச்சை வராது. வேறு ஆலைக்குப் போனால் இழை நெருக்கமும் மாறிச் செட்டின் அளவே மாறும். முதல் துணியிலிருந்து ஒரு முழுச் செட் துண்டை வெட்டி, நூல் எண்களை அதோடு பின் குத்தி, வெயில் படாத உறையில் போட்டுக் குழுவின் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.