முகம் காட்டாமல் ஒரு நடனப் படம்

மதுரை ரயில் நிலையத்திலும் பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கமும் படுத்தெழுந்து, இப்போது ஊருக்கு வெளியே ஓர் இல்லத்தில் தங்கியிருக்கும் பையன்களுக்கு ஒயிலாட்டம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். அந்த ஆட்டத்தை அவர்களை வைத்தே குறும்படமாக எடுக்கலாம் என்று நானும், கேமரா தெரிந்த நண்பர் ஒருவரும் கிளம்பினோம். இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவலாம்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு. இப்படி இல்லத்தில் இருக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளையின் நலனுக்கு உகந்தது என்று குழந்தைகள் நலக் குழு காரணம் எழுதி அனுமதித்தால் மட்டுமே விலக்கு உண்டு.

நாங்கள் விலக்குக் கேட்கவில்லை. 'தெருவில் கிடந்த பையன்' என்று ஒரு தடவை பதிந்துவிட்ட முகம், நாளைக்கு அவன் வேலை கேட்டுப் போகிற இடத்துக்கும் பெண் கேட்டுப் போகிற வீட்டுக்கும் கூடவே வரும். அதனால் கை, கால், நிழல், முதுகு மட்டும்தான் படத்தில் இருக்கும் என்று, படம் எடுக்க அனுமதி கேட்டு இல்லத்துக்குக் கொடுத்த கடிதத்திலேயே எழுதிவிட்டோம். யார் யார் உள்ளே வருவோம், எடுத்தது யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்தோம். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றும் கேட்டார்கள். கேட்கத்தான் வேண்டும். அதற்குக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஒயிலாட்டத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. வரிசையாக நின்று ஆடுவது. கூச்சப்படுகிற பையனைத் தனியாக நடுவில் நிறுத்தாது. மெதுவாகத் தொடங்கிப் போகப் போக வேகம் எடுக்கும். கையில் ஒரு துணியைப் பிடித்து வீசி ஆடுவார்கள்; கையை எங்கே வைப்பது என்று தவிக்கிறவனுக்கு அந்தத் துணி நல்ல பிடிமானம். புரோட்டாக் கடையில் வேலை பார்த்த ஒருவனுக்கு முதல் வகுப்பிலேயே வீச்சு பிரமாதமாக வந்தது. மணிக்கட்டு அப்படிச் சுழன்றது. "மாவை வீசுற மாதிரி வீசுங்கண்ணே, தோள்ல இருந்து தூக்காதீங்க" என்று எனக்கே திருத்தம் சொன்னான். வருஷக்கணக்கில் ஆடிய எனக்கு அது தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து கைவீச்சுக்கு அவன்தான் வாத்தியார்.

படம் எடுத்ததெல்லாம் செல்போனில்தான், அதுவும் அவர்கள் கையில். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுவது, போனைத் தரையோடு தரையாக வைத்துச் சலங்கைக் கால்களை எடுப்பது எல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டன. ஆனால் முக்கியமாக ஒரு விதி வைத்தோம். எடுத்தவுடனே அதில் இருக்கிறவன் பார்க்க வேண்டும். அவன் "வேணாம்" என்றால் அவன் கண் முன்னாலேயே அழிக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

தொடக்கத்தில் எல்லாமே "வேணாம்ணே"தான். நல்ல நல்ல காட்சிகள் போயின. நண்பருக்கு மனசே ஆறவில்லை. ஆனாலும் அழித்தோம். இந்தப் பிள்ளைகளை இதுவரை யாரும் எதற்கும் கேட்டதில்லை. விரட்டினார்கள், அடித்தார்கள், நல்லது செய்ய வந்தவர்கள்கூடக் கேட்காமல் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். வேண்டாம் என்றால் உண்மையிலேயே நடக்கிறது என்று புரிந்த பிறகுதான் பேச்சு மாறியது. "அண்ணே, கால் ஒண்ணா விழல, இன்னொரு டேக் போவோம்" என்று அவர்களே நிறுத்த ஆரம்பித்தார்கள். எத்தனை கைதட்டல் கொடுத்தாலும் வராத நிமிர்வு அதில் வந்தது. சுவர் ஓரமாகவே உட்கார்ந்திருந்த ஒருவன் கடைசி வரை ஆடவில்லை; ஆனால் "ரோலிங்" சொல்வது அவன் வேலையாகிவிட்டது. அவன் சொல்லாமல் யாரும் தொடங்க மாட்டார்கள்.

படத்தை இல்லத்துக் கூடத்தில் வேட்டியைக் கட்டித் திரையிட்டோம். பெயர்கள் போட முடியாதே என்றபோது, "ஆட்டம், கேமரா, எடிட்டிங்: நாங்க" என்று போடச் சொன்னார்கள். அப்படியே போட்டோம். இணையத்தில் ஏற்றவில்லை, ஏற்றவும் மாட்டோம்.

18 முடிந்து இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு உதவி பெறச் சட்டத்தில் இடமிருக்கிறது. எடிட்டிங் பழகிய பையனுக்கு அந்த வழியில் பயிற்சி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். அடுத்து, பெண் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் கும்மி சொல்லித்தரக் கூப்பிட்டிருக்கிறார்கள். கடிதம் கொடுத்தாயிற்று, அழிக்கிற விதியை இந்த முறை கடிதத்திலேயே எழுதியிருக்கிறோம்.