அப்பாவின் மெழுகுக் கட்டியும் வேலியோரத்து ஆட்களும்

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்பாவின் பெருங்குடல் கட்டியை எடுத்தார்கள். பத்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. இரண்டாம் நிலை. எடுத்த 16 நிணநீர் முடிச்சுகளிலும் புற்று இல்லை. "கீமோ கொடுக்கலாம், கொடுக்காமலும் பார்க்கலாம்" என்றார் டாக்டர். அந்தப் பதிலோடு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. வேறொரு டாக்டரிடம் கேட்டோம். அவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "பிளாக் எங்கே?" என்றார்.

பிளாக் என்பது கட்டியின் துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் புதைத்த சின்ன வில்லை. அதைச் சீவித்தான் ஸ்லைடு போடுவார்கள். வாங்கப் போனால் கவுண்டரில் "லேபில் கேளுங்க" என்றார்கள். லேபில் "ரெக்கார்ட் ரூமில் எழுதிக் கொடுங்க" என்றார்கள். மூன்றாம் நாள்தான் நோயாளியே கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்று சொன்னார்கள். அப்பா நாகலூரில். ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினேன், ஒரு கையெழுத்துக்காக. டிஸ்சார்ஜ் அன்றைக்கே கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் உள்ள பிளாக் எண்ணும் கையில் கிடைப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். சேலத்து வெயிலில் பைக் பெட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

மஞ்சள் பிளாஸ்டிக் கூட்டில் பென்சிலால் எண் எழுதியிருந்தது. மெழுகுக்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெளிறிய சதை. இதற்காகவா இத்தனை அலைச்சல் என்றிருந்தது.

புதிய இடத்தில் பேத்தாலஜி டாக்டரம்மா, "வாங்க தம்பி, நீங்களே பாருங்க" என்று மைக்ராஸ்கோப்பைத் திருப்பினார். ரோஸ் நிறத்தில் கட்டி, அதன் ஓரமெல்லாம் கேழ்வரகு கொட்டினாற்போல ஊதாப் புள்ளிகள். அவை லிம்போசைட், உடம்பின் காவல் அணுக்கள். கட்டிக்குள் அவ்வளவாக இல்லை.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "வேலியோரம் நின்னு தகரம் தட்டறவன் வேற, தோட்டத்துக்குள்ள புகுந்து காட்டெருமையை விரட்டறவன் வேறங்க" என்றார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "பாதி சரிங்கய்யா. வேலியில நிக்கிறவனும் கணக்குல உண்டு." பாரிஸில் ஆராய்ச்சியாளர் ஜெரோம் கலோனின் குழு 2006இல் இதைத்தான் காட்டியதாம். பெருங்குடல் புற்றில், லிம்போசைட்டைச் சேர்ந்த டி அணுக்கள் எந்த வகை, எத்தனை, எங்கே நிற்கின்றன என்பதற்கும் நோயாளி எத்தனை காலம் வாழ்கிறார் என்பதற்கும் தொடர்பு உண்டு. சிடி3 சாயம் டி அணுக்களைக் காட்டும், சிடி8 அவற்றில் கொல்லும் வகையை. இரண்டையும் கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் எண்ணி ஒரே மதிப்பெண் ஆக்குகிறார்கள். 2018இல் 13 நாடுகளில் 2,681 பேரின் கட்டிகளை இப்படி எண்ணிப் பார்த்தபோது, மதிப்பெண் கூடியவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. விளிம்பிலேயே முடங்கி உள்ளே போக முடியாத கூட்டமும் உண்டு. அது அவ்வளவு நல்ல அறிகுறி இல்லையாம்.

"அப்ப எங்கப்பாவுக்கு எண்ணிச் சொல்லுங்க மேடம்" என்றேன். மறுத்துவிட்டார். அதைக் கணினியில் எண்ணி, நிறைய நோயாளிகளின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். தன் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துக் கீமோவை முடிவு செய்யக்கூடாது என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அவர்மேல் மரியாதைதான்.

அதற்குப் பதில் எம்எம்ஆர் சோதனை செய்தார்கள்; டிஎன்ஏவில் விழும் பிழையைத் திருத்தும் நான்கு புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அது. நான்கு புரதங்களும் இருந்தன. கட்டியால் குடலில் ஓட்டை விழவில்லை, ரத்தக் குழாயிலும் கட்டி புகவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, கீமோ வேண்டாம், நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனை, ஓராண்டில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி என்று முடிவானது.

பிளாக் இப்போது எங்கள் பீரோவில், காட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் சிஇஏ நார்மல். லேபிலிருந்து போன் போட்டுச் சொன்னதும் அப்பா கேட்டார்: "நம்ம ஆளுங்க உள்ள போயிட்டாங்களாமா?"