நெய்கிற ஊர்களில் இரண்டரை மீட்டர் துணி தேடி

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் போய் "ரெண்டரை மீட்டர் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் நம்மை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "பீஸ் கணக்குங்க, மீட்டர் போடறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் சிப்பத்தைக் கட்டப் போய்விடுவார். வாங்கி வந்த துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்ட கையோடு எழுதுகிறேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஊரெல்லாம் தறி, தெருவெல்லாம் ஜவுளிக்கடை. வீட்டில் மெஷின் வைத்து ஆசைக்குத் தைப்பவள் ஒரு குர்திக்குத் துணி வாங்க இவ்வளவு அலைய வேண்டுமா? ஆனாலும் வழி இருக்கிறது. நம்மைப் போலத் தைக்கிறவர்களுக்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சேலத்தில் அண்ணி வீட்டிலிருந்து கார். ஓட்டியது அண்ணி, வழி சொன்னது நான். பவானி, ஈரோடு, சென்னிமலை, திருப்பூர், அப்புறம் தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல், சின்னாளபட்டி, மதுரை. பெட்ரோல், டோல், ரூம் வாடகை எல்லாம் ஆளுக்குப் பாதி. துணிக்கு என்று 7,000 ரூபாயைத் தனிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அது காலியானால் வேடிக்கை மட்டும்தான் என்று அண்ணி கிளம்பும்போதே சொல்லிவிட்டார்.

பவானியில் நிறுத்தியது ஜமக்காளத்துக்காக. 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறார்கள். அகலமான ஜமக்காளம் என்றால் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) மற்றவர் வாங்கித் திருப்பித் தள்ளுவார். பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் எனப் பட்டை பட்டையாக வரும் அந்த நிறச் சேர்க்கையை எந்த அப்ஹோல்ஸ்டரி கடையிலும் நான் பார்த்ததில்லை. சின்ன அளவில் ஒன்று 650 ரூபாய்க்கு வாங்கினேன், தோள் பை தைக்க. விசைத்தறியில் ஓட்டிய மலிவுச் சரக்கையும் பவானி ஜமக்காளம் என்றே விற்கிறார்கள். தூக்கிப் பார்த்தால் எடையிலேயே தெரிந்துவிடும். கைத்தறி கனமாக இருக்கும், ஊடை, அதாவது குறுக்கு நூல், நெருக்கமாக உட்கார்ந்திருக்கும், விரித்துப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவாது.

இதை வெட்டித் தைக்கப் போகிறவர்கள் கவனிக்க: கத்தரி வைத்த அடுத்த நிமிடமே நூல் பிரிய ஆரம்பிக்கும். வெட்ட வேண்டிய கோட்டின் இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளி நெருக்கமாக ஒரு தையல் போட்டுவிட்டு, நடுவில் வெட்டுங்கள். வீட்டு மெஷினில் 16-ஆம் நம்பர் ஊசிக்குக் கீழே போகாதீர்கள். நாலு மடிப்பு சேரும் மூலையில் காலால் மிதிக்காமல் கையால் சக்கரத்தைச் சுற்றுவதே நல்லது.

ஈரோட்டுக்கு வருவோம். ஜவுளிச் சந்தை திங்கட்கிழமை இரவு களைகட்டி செவ்வாய்க்கிழமை வரை போகும். பன்னீர்செல்வம் பூங்கா பக்கம் கனி மார்க்கெட்டும் சுற்றுத் தெருக்களும்தான் மையம். கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வந்து அள்ளுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் காரை எங்கே நிறுத்துவது? லாட்ஜிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். அங்கேதான் வினை.

"ஜவுளிச் சந்தைக்குப் போகணும்" என்று தமிழில் தெளிவாகத்தான் சொன்னோம். 150 ரூபாய் பேசி ஏற்றிய மனிதர், ஏதேதோ தெருவில் சுற்றி, ஏசி போட்ட ஒரு பெரிய ஷோரூம் வாசலில் இறக்கிவிட்டு "இதுதாங்க மார்க்கெட், உள்ள போய்ப் பாருங்க, நான் வெயிட் பண்றேன்" என்றார். கமிஷன் வாங்கும் வேலை என்று பார்த்ததுமே புரிந்தது. உள்ளே கால் வைக்க மாட்டோம் என்றதும், வெயிட்டிங்கும் சேர்த்து 300 கேட்டார். அண்ணி பேசிய 150-ஐ எண்ணி அவர் கையில் வைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டார். விசாரித்துப் பார்த்தால் அங்கிருந்து சந்தை நடக்கிற தூரம்தான். லாட்ஜிலிருந்தும் நடக்கிற தூரம்தான். வெளியூர்ப் பெண்கள் என்றால் இப்படித்தான் ஏமாற்ற வேண்டுமா? 150 ரூபாய்க்கு ஒரு மீட்டர் நல்ல காட்டன் வந்திருக்கும்.

சந்தைக்குள் முதல் ஒரு மணி நேரம் முழுக்கத் தோல்வி. முழுச் சுருளாக, 'தான்' கணக்கில் கொடுப்பார்கள், டஜன் கணக்கில் கொடுப்பார்கள், ஒற்றை ஆளுக்கு இல்லை. ஒரு லுங்கிக் கடையில் வயதான அம்மா ஒருவர்தான் "என்ன கண்ணு தைக்கப் போற?" என்று கேட்டார். சட்டை மாதிரி ஒரு டாப்ஸ் என்றேன். அடுக்கிலிருந்து ஒரு லுங்கியை உருவி உதறிக் காட்டினார். "இது ரெண்டு மீட்டர் துணிதான கண்ணு? மூட்டாம வாங்கிக்க, வெட்டித் தச்சுக்க."

அந்த இடத்தில்தான் என் பயணமே திரும்பியது. மீட்டர் துணி என்று தேடுவதை அதோடு நிறுத்தினேன். லுங்கி என்பது இரண்டு மீட்டர் கட்டம் போட்ட பருத்தி, இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பதுதான் மூட்டுவது. எட்டு முழ வேட்டி என்பது மூன்றரை மீட்டருக்குமேல் நீளும் வெள்ளைத் துணி, ஓரத்தில் கரையோடு. அந்தக் கரையைக் கைமுனைக்கும் கீழ் ஓரத்துக்கும் வைத்தால் தனியாக லேஸ் வாங்க வேண்டாம். பெட்ஷீட், துண்டு, சேலை எல்லாமே அளவு போட்டு விளிம்பு கட்டிய துணிதான். நெய்கிற ஊரில் அவை ஒற்றையாகவும் கிடைக்கும், விலையும் நியாயமாக இருக்கும். மூட்டாத லுங்கி மூன்றும் ஒரு வேட்டியும் 1,100 ரூபாய்க்கு முடிந்தது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: லுங்கித் துணியில் கஞ்சி அதிகம். கடையில் விறைப்பாக நிற்பது இரண்டு துவைப்பில் தொளதொளத்துவிடலாம். ஒரு மூலையை இரண்டு கையாலும் நன்றாகக் கசக்கி உதறுங்கள். வெள்ளையாகப் பொடி பறந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆற்றுப் பாலம் தாண்டிப் பள்ளிபாளையம் போனோம். பள்ளிபாளையம் சிக்கனை அந்த ஊரிலேயே சாப்பிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மசாலாப் பொடி எதுவும் கொட்டாமல், விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், கறிவேப்பிலை, எண்ணெய். அவ்வளவுதான். கறியைப் பொடிசாக வெட்டியிருந்ததால் ஒவ்வொரு துண்டிலும் மிளகாய்க் காரம் இறங்கியிருந்தது. கூடவே சுடுசோறும் ரசமும். பக்கத்துச் சந்தில் விசைத்தறி சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க, அண்ணி பேச்சே இல்லாமல் இரண்டாவது தட்டுக்குக் கை காட்டினார். இரண்டு பேருக்கும் சேர்த்து 480 ரூபாய். சென்னையில் இதே பேரில் சிவப்புச் சாயத்தில் முக்கிக் கொடுப்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சென்னிமலை சின்ன ஊர். மலைமேல் முருகன், கீழே கைத்தறிப் போர்வை. கூட்டுறவுச் சங்கக் கடையில் 60-க்கு 90 அங்குலப் போர்வை ஒன்று எடுத்தேன், 450 ரூபாய். ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டேகால் மீட்டருக்கு மேல் நீளம் என்று கணக்குப் போட்டால் முன் திறந்த ஒரு குட்டைக் கோட்டுக்குத் தாராளம். அரக்கும் கறுப்பும் கலந்த கட்டம். ஓரத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். கரையை ஒட்டி வரிசையாக ஊசிமுனை அளவு ஓட்டைகள். நெய்யும்போது துணி சுருங்காமல் இருக்க அகலவாக்கில் ஒரு குச்சியைப் பூட்டி, அதன் முனை முட்களால் இழுத்துப் பிடிப்பார்கள். கொஞ்சம் நெய்ததும் கழற்றி மேலே நகர்த்திக் குத்துவார்கள். கையால் நகர்த்துவதால் இந்த ஓட்டைகள் ஒரே சீராக வராது. அதைத் தடவிப் பார்க்கும்போது எனக்கு வந்த சந்தோஷம் தைக்கிறவர்களுக்குத்தான் புரியும். வெட்டும்போது அந்த ஓரத்தைத் தையலுக்குள் மறைத்துவிடலாம். நான் வெளியே தெரியும்படியே வைக்கப் போகிறேன்.

திருப்பூரில் காதர்பேட்டை. பின்னல் துணி தைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இங்கே எல்லாம் கிலோ கணக்கு, அதனால் மனக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 180 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் 180 கிராம். ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் ஒரு மீட்டர் நீளம் 270 கிராம் வரும். ஆக ஒரு கிலோவில் ஏறக்குறைய மூன்று மீட்டர் எழுபது சென்டிமீட்டர், பெரியவர்களுக்கு இரண்டு டி-ஷர்ட் தாராளமாக வெட்டலாம். கிலோ 280 என்று ஒரு கடையில் சொன்னபோது நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அண்ணி "ரெண்டு கிலோ போடுங்க" என்றுவிட்டார். வாங்குவதற்கு முன் அகலவாக்கில் இழுத்து விட்டுப் பாருங்கள். பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். அலையலையாக நின்றுவிட்டால் கழுத்துப்பட்டி தொங்கிவிடும். பின்னலுக்கு முனை மழுங்கிய ஊசிதான் போட வேண்டும். சாதா ஊசி கண்ணியை அறுத்து, துவைக்கத் துவைக்க ஓட்டை விழும்.

கரூரை விட்டுவிட்டோம். திரைச்சீலை, மேஜைவிரிப்பு தேடுபவர்கள் அங்கே போகலாம். தாராபுரம் சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சின்னாளபட்டியில் ஒரு கடை எனக்குப் பிடிக்கவே இல்லை. "அக்மார்க் காட்டன், கைத்தறி" என்று 1,400 ரூபாய் சொன்ன சேலையைத் தொட்டதுமே வழுவழுவென்று சந்தேகம் வந்தது. முந்தானை ஓரத்தில் தொங்கிய ஒரு நூலை மட்டும் தாருங்கள், வெளியே போய்க் கொளுத்திப் பார்க்கிறேன் என்று கேட்டேன். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். அதற்கு அவர் "வாங்கறதுன்னா வாங்குங்க, சோதனை எல்லாம் வேற எடத்துல வச்சுக்கங்க" என்றார். சரக்கு மேல் நம்பிக்கை இருக்கிறவர் ஒரு நூலுக்கு ஏன் பயப்பட வேண்டும்? எழுந்து வந்துவிட்டோம். நாலு கடை தள்ளி இருந்தவர் கேட்காமலே நூலை உருவிக் கொடுத்தார். அவரிடமே ஒரு சேலை வாங்கினேன், 780 ரூபாய். ஐந்தரை மீட்டருக்கு வகுத்தால் மீட்டர் 142-தான். இந்த வகுத்தலைச் செய்யாமல் எந்தச் சேலைக்கும் காசு கொடுக்காதீர்கள்.

மதுரையில் சுங்குடி. இதற்கும் 2005-இல்தான் புவிசார் குறியீடு. துணியை நகத்தால் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் பிரித்தால் முடிச்சிருந்த இடம் வெள்ளைப் புள்ளியாகும். ஆயிரக்கணக்கான புள்ளி, ஒவ்வொன்றும் ஒரு கைமுடிச்சு. இப்போது கடைகளில் பெரும்பாலும் தொங்குவது மெழுகு அச்சு. அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, கையால் முடிந்ததில் ஒவ்வொன்றும் சற்றே கோணலாக, நடுவில் சாயம் ஒரு பொட்டாக நிற்கும், தடவினால் லேசாகப் புடைத்திருக்கும். கைமுடிச்சுச் சேலை என் பர்ஸில் மிச்சமிருந்த காசுக்கு எட்டவில்லை. அச்சுச் சுங்குடி ஒன்று 700-க்கு எடுத்தேன். பாவாடைக்கு அதுவே போதும். ஆனாலும் அந்த மரூன் நிறக் கைமுடிச்சுச் சேலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தில் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்களைத் தேடிப் போனால், அவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரம் வளாகத்துக்கு மாறியிருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் மேல் தண்ணீர் பீச்சுகிறவர்களின் உடுப்பைத் தைப்பவர்கள் இவர்கள். ஒரு பெரியவரிடம் சுங்குடியை விரித்துக் காட்டி, பாவாடைக்கு எப்படி வெட்டுவது என்று கேட்டேன். "கரையைக் கீழ வச்சு நேரா வெட்டும்மா, கிராஸ்ல வெட்டுனா புள்ளி எல்லாம் எங்கிட்டாவது ஓடிரும். மொதல்ல உப்புத் தண்ணியில ஒரு ராத்திரி ஊறப் போடு, தனியா." காசு வாங்க மறுத்துவிட்டார். அவரிடமே பைப்பிங் கயிறும் பட்டனும் 120 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். இரவு கறிதோசை. அது அண்ணி கணக்கு.

துணிக் கணக்கு: ஜமக்காளம் 650, லுங்கி வேட்டி 1,100, போர்வை 450, பின்னல் துணி 560, சேலை 780, சுங்குடி 700, பட்டன் வகை 120. மொத்தம் 4,360. மிச்சம் இருந்ததில் பெரும்பகுதியை வரும் வழியில் பெட்ரோலும் டோலும் தின்றுவிட்டன. டோல்கேட்டுகளில் கட்டியதை மட்டும் கூட்டினால் இன்னொரு சுங்குடி வந்திருக்கும்.

போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஈரோட்டில் இருங்கள், கையில் இன்ச் டேப்பும் கால்குலேட்டரும் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் மட்டும் வேண்டாம். அப்போது மொத்த வியாபாரிகளின் நெரிசலில் ஒற்றை லுங்கி கேட்பவரை யாரும் கவனிக்க மாட்டார்கள்.